தொண்டனூர்: ஏரிக்கரையில் ஒரு தமிழ்ப் பாடம்

நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் எழுத்துப் பயிற்சி நடத்துகிறவன் நான் என்பதை வாசகர்களில் பலர் அறிவீர்கள். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரனும் அந்த வகுப்பில் உட்காருகிறான். சில மாதங்களுக்கு முன் வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது அவன் கேட்டான்: "தாத்தா, நாம மைசூருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு? எங்க கிளாஸ்ல ஒருத்தன், நீங்க வெளியூர்க்காரங்கதானேன்னு கேக்கறான்."

என் தந்தையார் ரயில்வே பணிமனை வேலைக்காக இங்கே வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில்தான். ஆகவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்று கணக்குச் சொன்னேன். பையனுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை என்பதே உண்மை. 1991 டிசம்பரில், காவிரித் தகராறின்போது, இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம். எதிர்வீட்டுக் கன்னட அம்மையார் பால் பாத்திரத்தைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கும் இதே கேள்விதான் என் மனத்தில் ஓடியது. நாம் எப்போது வந்தோம்? எப்போது வந்திருந்தால் போதும்?

அந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்காது என்று தெரிந்தேதான் அவனை அடுத்த ஞாயிறு ஒரு சிற்றூருக்கு அழைத்துச் சென்றேன். அதன் பெயர் தொண்டனூர். இன்றைய கன்னட வழக்கில் தொண்ணூரு. ஏரி இருப்பதால் கெரெ தொண்ணூரு என்றும் சொல்வார்கள். மண்டியா மாவட்டம், பாண்டவபுரம் தாலுகா. மைசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மேல்கோட்டைக்குப் போகும் நம்மவர்கள் பலர் இந்த ஊரைத் தொடாமலே போய்விடுகிறார்கள். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

போகும் வழியையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கடந்து வடக்கே போனால் பாண்டவபுரம். இதன் பழைய பெயர் ஹிரோடே. ஹைதர் அலியிடமும் திப்பு சுல்தானிடமும் பணிபுரிந்த பிரெஞ்சுப் படைவீரர்கள் இங்குள்ள பாறைக் குன்றுகளின் அருகே பாசறை அமைத்திருந்ததால் ஆங்கிலேயர் இதை 'பிரெஞ்சு ராக்ஸ்' என்றார்கள். வெகுகாலம் ரயில் நிலையத்துக்கும் அதுவே பெயர். பிறகு ஊர்ப் பெயர் பாண்டவபுரம் ஆயிற்று. பக்கத்தில் குந்தி பெட்டா என்ற குன்று இருக்கிறது. வனவாசத்தில் குந்தியும் பாண்டவர்களும் தங்கிய இடம் என்பது ஊர்க் கதை. கண்ணம்பாடி அணை கட்டிய பிறகு, விசுவேசுவரய்யா கால்வாய்த் தண்ணீரால் இந்தப் பகுதி முழுதும் கரும்பும் நெல்லும் ஆகிவிட்டது. கரும்பு ஆடும் காலத்தில் போனால் சாலையோரக் கொட்டகைகளில் வெல்லம் காய்ச்சும் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வரும். பேரனுக்கு வரலாற்றைவிட அதில்தான் அதிக அக்கறை இருந்தது. இறங்கி ஓர் அச்சு வெல்லம் வாங்கிக் கொடுத்த பிறகே மேலே போக முடிந்தது.

தொண்டனூரில் முதலில் கண்ணில் படுவது ஏரி. இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை ஒரே கரையால் அடைத்து உண்டாக்கிய நீர்த்தேக்கம் இது. கரையின் நீளம் சுமார் 150 கெஜம்தான். ஆனால் உயரம் 78 அடி. அடிப்பாகத்தில் பருமன் 250 அடி. இந்த அளவுகளை லூயிஸ் ரைஸ் தம் மைசூர் கெஜட்டியரில் கொடுத்திருக்கிறார். அணை கட்டுகிறவர்கள் இடம் தேடும்போது எதைத் தேடுவார்களோ அதை அந்தக் காலத்தவர் கண்டுபிடித்திருக்கிறார்கள். மலை இருபுறமும் சுவராக நிற்க, மனிதன் கட்ட வேண்டியது நடுவிலுள்ள வாசலை மட்டும். கரை குட்டை, தண்ணீரோ பெரிது. கரைமேல் நின்று பார்த்தால் எதிர்க்கரையிலுள்ள குன்றுகளின் நிழல் நீரில் அப்படியே தெரிகிறது.

இந்த ஏரிக்குத் திருமலைசாகரம் என்று பெயரிட்டவர் ராமானுஜர் என்பது மரபு. முத்து ஏரி என்று பொருள்படும் மோதி தலாப் என்ற பெயரும் இதற்கு உண்டு. திப்பு சுல்தான் வைத்த பெயர் என்று அங்கே ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார். ஆனால் ரைஸ் கூறுவது வேறு: 1746-இல் இங்கே வந்த நாசிர் ஜங், அதாவது தக்காணச் சுபேதாரான நிஜாமின் மகன், தண்ணீரின் தெளிவைக் கண்டு இப்பெயரை இட்டாராம். அப்போது திப்பு பிறக்கவே இல்லை. ஊரில் எது பழையதானாலும் அதைத் திப்புவின் கணக்கிலோ பாண்டவர் கணக்கிலோ எழுதிவிடுவது நம் பக்கத்து வழக்கம் போலும்.

முத்து என்ற அழகிய பெயர் ஒரு கோரமான போருக்கும் உரியது. 1771 மார்ச்சில் மேல்கோட்டைப் பக்கமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் பின்வாங்கிய ஹைதர் அலியின் படையை, திரியம்பக ராவ் தலைமையிலான மராட்டியர் இந்த ஏரியின் சுற்றுப்புறத்தில் வளைத்துச் சிதறடித்தார்கள். அருகிலுள்ள சின்னகுரளி என்ற ஊரின் பெயரால் மைசூர் வரலாற்று நூல்கள் இதைக் குறிக்கும். மராட்டியர் மோதி தலாப் போர் என்பார்கள். ஹைதர் தம் வாழ்நாளில் கண்ட மிகப் பெரிய தோல்விகளில் இது ஒன்று. இன்றைக்கு அந்த நிலமெல்லாம் கரும்பு.

இனி, நாங்கள் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

இந்த ஊர்க் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கன்னடக் கல்வெட்டுகளும் இருக்கின்றன, கிரந்த எழுத்தும் இருக்கிறது. ஆனால் தமிழ் என்பது ஏதோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் ஒற்றை வரி அல்ல. தொண்டனூருக்கு யாதவநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற மறுபெயர் இருந்ததை இக்கல்வெட்டுகள் வாயிலாகவே அறிகிறோம். யாதவர் என்பது ஹொய்சளர் தங்களைச் சொல்லிக்கொண்ட குலப்பெயர். நம் தமிழ்க் கல்வெட்டுகளில் அவர்கள் போசளர் எனப்படுவர்.

கன்னட அரசரின் ஊரில் தமிழ் எழுத்து எப்படி வந்தது? இரண்டு வழிகளில் வந்தது எனலாம். முதலாவது படையெடுப்பு. கி.பி. 1004-ஆம் ஆண்டளவில் முதலாம் ராஜராஜ சோழன் காலத்தில் சோழர் கங்கநாட்டை வென்று, தலைநகரான தலைக்காட்டைக் கைப்பற்றினார்கள். தலைக்காடு ராஜராஜபுரம் ஆயிற்று. கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம் எனப்பட்டது. நூறாண்டுக்கும் சற்று மேலே அந்த ஆட்சி நின்றது. 1116 வாக்கில் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜன் தலைக்காட்டை மீட்டான். மன்னன் தலைக்காடு கொண்டவன் என்று பட்டம் சூட்டிக்கொண்டான். சோழர் போன பிறகு தமிழும் போயிருக்க வேண்டுமல்லவா? போகவில்லை. தொண்டனூர்க் கல்வெட்டுகள் சோழர் காலத்தவை அல்ல. அவர்களைத் துரத்திய ஹொய்சளர் காலத்தவை. இதைத்தான் பேரனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டாவது வழி, மக்கள் நடமாட்டம். ஹொய்சளர் பின்னாளில் தமிழ்நாட்டு அரசியலில் ஆழமாகக் கால் வைத்தார்கள். இரண்டாம் நரசிம்மன், காடவன் கோப்பெருஞ்சிங்கனிடம் சிறைப்பட்ட மூன்றாம் ராஜராஜ சோழனை 1231-இல் மீட்டுக் கொடுத்தான். அவன் மகன் சோமேசுவரன் ஸ்ரீரங்கத்துக்கு எதிர்க்கரையில், இன்றைய சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரிலேயே தங்கி ஆண்டான். 1254-க்குப் பிறகு நாடு இரண்டாகி, ஒரு மகன் துவாரசமுத்திரத்திலும் மற்றொரு மகன் கண்ணனூரிலும் ஆண்டார்கள். இப்படி ஒரே குடும்பத்துக்கு இரண்டு மொழி வட்டாரங்களிலும் அரண்மனை இருந்த காலத்தில், அதிகாரிகளும் வணிகர்களும் வைணவ ஆசாரியர்களும் இங்கும் அங்குமாகப் போய்வந்தது வியப்பல்ல. நம்மில் பலர் திருச்சிக்கும் மைசூருக்குமாக ரயிலில் அலைவது போலத்தான்.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது ராமானுஜரின் வருகை. வைணவ குருபரம்பரைக் கதை எல்லோரும் அறிந்தது. சோழ மன்னனின் நெருக்கடிக்குத் தப்பி ஸ்ரீரங்கத்தை விட்டு மேற்கே வந்த ராமானுஜர், சாலிக்கிராமம் வழியாகத் தொண்டனூர் சேர்ந்தார். அங்கே தொண்டனூர் நம்பி என்ற அடியாரின் வாயிலாக அரசன் பிட்டிதேவனின் அறிமுகம் கிடைத்தது. அரசன் மகளைப் பிடித்திருந்த நோய் தீர்ந்தது. சமணனாயிருந்த அரசன் வைணவனாகி விஷ்ணுவர்த்தனன் என்ற பெயர் பெற்றான். சமணர் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாதுக்கு வர, ராமானுஜர் திரைக்குப் பின்னால் ஆதிசேஷனாகி ஆயிரம் வாயால் விடை சொன்னார். அந்தக் கதையின் சாட்சியாக, ஊருக்கு மேலே சிறு குன்றிலுள்ள யோக நரசிம்மர் கோயிலில் ராமானுஜரைச் சேஷ வடிவத்தில் வைத்துப் பூசிக்கிறார்கள்.

பக்திக் கதையை வரலாறாக வகுப்பில் சொல்லித் தரக்கூடாது. வரலாற்றைக் காட்டிப் பக்தியைக் கேலி செய்யவும் கூடாது. வரலாற்றாசிரியர்கள் கவனிப்பது இவற்றை: விஷ்ணுவர்த்தனனின் பட்டத்தரசி சாந்தலதேவி கடைசிவரை சமணராகவே இருந்தார்; 1123-இல் சிரவணபெளகொளாவில் சமணப் பள்ளி கட்டினார். தலைக்காட்டை வென்ற கங்கராஜனும் சமணன். மன்னன் பெயரால் ஹளேபீடில் எழுந்த ஹொய்சளேசுவரம் சிவாலயம். ஆகவே ஒரே நாளில் நாடு முழுதும் மதம் மாறிய கதையாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் 1117-இல் பேலூரில் விஷ்ணு கோயில் எழுந்ததும், தலைக்காட்டிலும் தொண்டனூரிலும் மேல்கோட்டையிலும் நாராயணர் கோயில்கள் சிறப்புற்றதும் உண்மை. தமிழ்ப் பிரபந்தம் காவிரிக்கு மேற்கே, கன்னட நாட்டில் நிலைத்தது இந்தக் காலத்தை ஒட்டித்தான்.

தொண்டனூருக்கு ஒரு துயரமான பெருமையும் உண்டு. 1311-இல் மாலிக் கபூரும், 1327-ஐ ஒட்டித் துக்ளக்கின் படையும் துவாரசமுத்திரத்தை அழித்த பின், மூன்றாம் வல்லாளன் வந்து தங்கிய இடங்களில் தொண்டனூரும் ஒன்று என்று ரைஸ் எழுதுகிறார். பிறகு அவன் திருவண்ணாமலையில் தங்கி மதுரை சுல்தானோடு போரிட்டு, எண்பது வயதை நெருங்கிய முதியவனாக உயிர் இழந்தான். அவன் தோலில் வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததாக, நேரில் அங்கே போன இபன் பதூதா எழுதியிருக்கிறார். இதைப் பேரனிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் தொண்டனூரைப் பெரிய ஊராக நினைக்க ஆரம்பித்தான். ஊரில் சையத் சாலார் மசூத் பெயரிலான பழைய தர்காவும் இருக்கிறது. கோயில் தெருவிலிருந்து அங்கேயும் நடந்தே போய்வந்தோம்.

முக்கியமான கோயில் நம்பி நாராயணர் கோயில். பேலூரைப் பார்த்த கண்ணோடு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வெளிச்சுவரில் யானை வரிசை, நாட்டியப் பெண்கள் எதுவும் கிடையாது. நம் பக்கத்துக் கோயில் போலவே சாதாரணமான திராவிட அமைப்பு. முன்னால் உயரமான ஒரே கல் தூண். அருகிலேயே கோபாலகிருஷ்ணர் கோயில்.

நாங்கள் போனபோது அர்ச்சகர் நடை சாத்தக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கன்னடத்தில் பேச ஆரம்பித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு அவர், "வாங்கோ, வாங்கோ. மைசூருலேந்தா வரேள்? தமிழ்லேயே பேசலாமே. நாங்களும் ஆத்துலே தமிழ்தான்" என்றார். மைசூர்ப் பக்கத்து ஐயங்கார் தமிழைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வினைச்சொல் தமிழாக இருக்கும். பெயர்ச்சொல்லில் பாதி கன்னடமாக இருக்கும். மாண்டயம், ஹெப்பார் என்று இரண்டு பெரும் பிரிவினர் தலைமுறை தலைமுறையாக இப்படிப் பேசிவருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிரிக்க என்ன இருக்கிறது? இத்தனை நூற்றாண்டு கன்னடக் கடலுக்கு நடுவே ஒரு வீட்டுமொழியைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்.

"சுவாமி, இந்தக் கல்லில் இருக்கும் எழுத்தை யாராவது படிப்பார்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எப்பவாவது யூனிவர்சிட்டிலேந்து வருவா. எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். எழுத்து கன்னடம்தான்."

நடை சாத்தும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து, எங்களைப் பின்னால் அழைத்துப்போய்க் காட்டினார். அடித்தளக் கற்களில் வரிவரியாக எழுத்து. சில இடங்களில் பழைய சுண்ணாம்பு படிந்து மறைந்திருந்தது. பையன் குனிந்து பார்த்தான். ஓராண்டு வகுப்பில் உட்கார்ந்தவனல்லவா, படித்துவிடலாம் என்ற நம்பிக்கை. ஒரு நிமிஷத்தில் முகம் சுருங்கிவிட்டது. "தாத்தா, இது தமிழே இல்லை" என்றான்.

வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பகுதியைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். அன்று நான் அவனுக்குச் சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

ஹொய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டைப் படிக்க முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதில் புள்ளி பெரும்பாலும் கிடையாது என்பது. க என்று வெட்டியிருந்தால் அது க ஆகவும் இருக்கலாம், க் ஆகவும் இருக்கலாம். சொல்லின் பொருளைக் கொண்டு நாம்தான் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது கொம்பு. இன்று எ-கரக் குறிலுக்கு ஒற்றைக் கொம்பும் நெடிலுக்கு இரட்டைக் கொம்பும் போடுகிறோம். அன்று இரண்டுக்கும் ஒரே கொம்புதான். ஒ, ஓ வரிசையிலும் அப்படியே. குறிலையும் நெடிலையும் கொம்பைக் கொண்டு பிரித்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தவர் 18-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த வீரமாமுனிவர். மூன்றாவது, நெடில் கால். அதற்கும் ர என்ற எழுத்துக்கும் கல்லில் வேறுபாடு தெரியாது. இவை தவிர, வடசொற்கள் வரும் இடத்தில் கிரந்த எழுத்து கலந்துவிடும். கல்வெட்டுத் தொடக்கத்தில் வழக்கமாக வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல்லே கிரந்தத்தில்தான் இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடமாட்டார்கள். கல்லும் உளிக்கூலியும் சும்மாவா வரும்?

உதாரணத்துக்கு ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டனூர் என்று நாம் எழுதுவதைக் கல்லில் 'தொணடனூர' என்றுதான் காண்போம். முதல் எழுத்தைத் தொ என்றும் வாசிக்கலாம், தோ என்றும் வாசிக்கலாம். அதிலுள்ள காலை ர என்று எண்ணினால் 'தெர' என்றுகூட ஆகிவிடும். ண-வுக்கும் கடைசி ர-வுக்கும் நாம் புள்ளி வைக்க வேண்டும். ஐந்தே எழுத்தில் மேலே சொன்ன மூன்று சிக்கலும் இருக்கின்றன. வகுப்பில் கரும்பலகையில் புள்ளி இல்லாமல் 'தமிழசசஙகம' என்று எழுதிப் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் படித்துவிட்டார்கள். எழுத்து மாறுவது ஏதோ பழங்காலத்துச் சங்கதி என்றும் எண்ணவேண்டாம். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் படித்தவர்கள் லை, ணை, றா போன்ற எழுத்துகளை வேறு வடிவில் எழுதினோம். என் பழைய டைரியைப் பேரன் படிக்கத் திணறுகிறான்.

அரைமணி நேரம் கல்லின் முன்னே உட்கார்ந்து, ஊர்ப் பெயரை அவனாகவே கண்டுபிடித்தான். "தோ... ண... ட..." என்று இழுத்துக்கொண்டே வந்தவன், சட்டென்று "தொண்டனூர்!" என்று கத்தினான். அர்ச்சகரும் குனிந்து பார்த்தார். தாம் நாள்தோறும் சுற்றிவரும் பிராகாரத்தில் தம் ஊர்ப் பெயர் எங்கே எழுதியிருக்கிறது என்று அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. விரலால் அதைத் தடவினார்.

பிறகு உள்ளே போய் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். நாலாயிர திவ்வியப் பிரபந்தம். கன்னட எழுத்தில் அச்சிட்டது. கர்நாடகத்து ஐயங்கார் வீடுகளில் இது சாதாரணம். பேரனிடம், "ஏண்டா கொழந்தே, கன்னடம் படிப்பியோன்னோ? இதைப் படி பார்ப்போம்" என்றார். பள்ளியில் கன்னடம் படிக்கிறவன், தடங்கலின்றிப் படித்தான். என்ன படித்தோம் என்று அவனுக்குப் புரியவில்லை. அர்ச்சகருக்கு அது மனப்பாடம். அவன் எடுத்த இடத்திலிருந்து ராகத்தோடு சொல்லிக்கொண்டே போனார். சில பழஞ்சொற்களுக்குப் பொருள் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கன்னட எழுத்தில் இருந்த ஒரு சொல்லில் ன-வா ண-வா என்று எனக்கு ஐயம் வந்தபோது அவருடைய ஓசையைக் கேட்டுத்தான் தீர்த்துக்கொண்டேன். எழுத்து ஒருவனிடம், ஓசை ஒருவரிடம், பொருளில் கொஞ்சம் என்னிடம். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாசுரம் படித்தோம்.

திரும்பும் வழியில் இதுவே என் மனத்தை அரித்தது. அர்ச்சகரின் முன்னோர் என்றோ ஒரு நாள், இந்தச் சுவரை வாசிக்கத் தெரிந்தவர்களாக இருந்திருப்பார்கள். பேச்சு நின்றது; எழுத்து போயிற்று. பெட்டதபுரம் பக்கத்துச் சங்கேதிகளும் செங்கோட்டைப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. வீட்டில் பேசும் மொழிக்கு அவர்களும் தமிழெழுத்தைப் பயன்படுத்துவதில்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன நடக்கிறது? வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லோருமே தமிழ் பேசுகிறார்கள். பெயர்ப்பலகை படிக்கத் தெரிந்து வருகிறவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அம்மாவுக்கு அவர்கள் கைப்பேசியில் அனுப்பும் செய்தி ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். தொண்டனூரில் பல தலைமுறை எடுத்தது நம் வீட்டில் இரண்டே தலைமுறையில் நடந்துவிடும் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்றவுடன், இந்த மண் நம்முடையது என்று மார்தட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. இத்தகைய கோயில் கல்வெட்டுகளில் இருப்பது என்ன? இன்னார் இந்தக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க இவ்வளவு பொன் கொடுத்தார். இன்னார் அமுதுபடிக்கு இவ்வளவு நிலம் விட்டார். சந்திர சூரியர் உள்ளவரை இது நடக்கவேண்டும். இதை அழிப்பவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவம் அடைவான். இவ்வளவுதான். கன்னடக் கல்வெட்டும் இதே வாய்பாட்டில் இதையேதான் சொல்கிறது. யாருக்கு யார் அயலார் என்ற பேச்சே அவற்றில் இல்லை. தொண்டன் என்ற சொல்லும் இரு மொழிக்கும் பொது. கன்னடத்திலும் அதற்கு அடியவன் என்றே பொருள். வென்றவனாக வந்து எழுதியதைவிட, தோற்ற பிறகும் தங்கியிருந்து விளக்குக்கு எண்ணெய் கொடுத்ததாக எழுதியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இவற்றையெல்லாம் படித்து அச்சிட்டவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பெங்களூரிலேயே 1837-இல் பிறந்த லூயிஸ் ரைஸ், மைசூர் ராஜ்யத்து ஊர் ஊராக ஆளனுப்பியும் தாமே போயும் சேர்த்த ஏறக்குறைய ஒன்பதாயிரம் கல்வெட்டுகளை 'எபிகிராஃபியா கர்நாடிகா' என்ற தொகுதிகளாக வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஆர். நரசிம்மாசார் மேலும் சேர்த்தார். மைசூர்ப் பல்கலைக்கழகக் கன்னட ஆய்வு நிறுவனம் புதிய பதிப்பு கொண்டுவந்தபோது, பாண்டவபுரம் தாலுகா கல்வெட்டுகள் ஆறாம் தொகுதியில், 1977-இல் வெளிவந்தன. தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டது கன்னட நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். கோலார் மாவட்டத் தொகுதியில் தமிழ் இன்னும் மிகுதி. பெங்களூரில் இருப்பவர்கள் தொலைவு போகவேண்டாம். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலேயே தமிழ்க் கல்வெட்டு பார்க்கலாம்.

நம் ஊருக்கும் இதில் தனிப் பங்கு உண்டு. மத்திய தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவுத் தலைமை அலுவலகம் 1966-இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாயிரம் அதனோடு இங்கே வந்து சேர்ந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. படிகள் எங்கே இருந்தால் என்ன, பாதுகாப்பாக இருந்தால் சரி என்று எண்ணுகிறவன் நான். தொண்டனூர்க் கற்களை எந்த ஆணையும் இடம் மாற்றப்போவதில்லை.

போக விரும்புகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். பாண்டவபுரம் வரை பஸ் தாராளம். அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். ஏரி ஆழமானது, பிள்ளைகளை நீரில் இறக்க வேண்டாம். கல்வெட்டின்மேல் சாக்குக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். பகலில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் எழுத்து தானே எடுத்துக் காட்டும். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

எங்கள் நோட்டில் ஒரு வரி பாதியில் நிற்கிறது. ஊர்ப் பெயருக்கு அடுத்து வரும் சொல்லில் ஓர் எழுத்தை நான் கால் என்கிறேன், பேரன் ர என்கிறான். அர்ச்சகர் அந்த இடத்துச் சுண்ணாம்பை ஈரத்துணியால் மெல்லத் துடைத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். தை மாதம் மறுபடி போகிறோம்.